தோற்கப் போன ஞாயிற்றுக்கிழமை

அத்தியாயம் 14

பணம் இல்லாத நாட்களில் எல்லாம் கனகா நன்றாகத்தான் தூங்கியிருக்கிறாள். வீட்டுக்குள் பணம் வந்த பிறகுதான் அவளுக்குக் கண் மூடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கமலக்கண்ணன் கொண்டுவந்த காக்கிப் பை அரிசி டிரம்முக்குள் கிடந்தது. நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்! திண்டுக்கல்லில் சாயப்பொடியும் நூலும் விற்கும் ஒரு சின்னக் கடைக்காரர், மூன்று சீட்டு ஆட்டத்தில் ஒரே பிற்பகலில் ஜெயித்த தொகை. பதினோரு வருஷமாகக் கைக்காசைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷன், நேற்று பையோடு வந்து நின்றபோது திருடிக்கொண்டு வந்துவிட்டாரோ என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். திருட்டாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்போல.

ஏனென்றால், மகள் மாலதியின் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். மாப்பிள்ளை சந்தோஷ்குமாரின் அப்பா, சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை வியாபாரி வேலுசாமி, நிச்சயதார்த்தத்தன்று ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை.

"பொண்ணு தங்கம். ஆனா பொண்ணோட அப்பா சீட்டாடுவாருன்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. சீட்டுக்கட்டு நுழையுற வீட்டுல நான் சம்பந்தம் வச்சுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அதை விட்டு ஆறு மாசம் ஆச்சுங்க" என்று கமலக்கண்ணன் சபை நடுவில் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அன்று மத்தியானம் அவர் சீட்டாடும் கிளப்பிலிருந்துதான் நேராக வந்திருந்தார் என்பது கனகாவுக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மாலதி குளிக்கப் போன சமயம் பார்த்து, கனகா டிரம்மைத் திறந்து பையை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தாள்.

"இன்னைக்கும் போவீகளா?"

கமலக்கண்ணன் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். முகத்தில் ஜெயித்தவனின் களை ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க அவரும் புரண்டுகொண்டுதான் இருந்தார்.

"போகணும்னுதான் வழக்கம். பெருசா ஜெயிச்சவன் மறுநாளும் வந்து விளக்கு வைக்கிற வரைக்கும் உக்காரணும். தோத்தவனுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கணும்ல? வரலைன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் உள்ள விட மாட்டாங்க."

"உள்ள விடாட்டி நல்லதாப் போச்சு!"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் அவர்.

கனகாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யோசிக்கிறேன் என்று சொன்னதே இது இரண்டாவது தடவை. முதல் தடவை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று யோசித்தார். இன்னும் அடிக்கவில்லை.

"எனக்கே பயமா இருக்கு கனகா. நேத்து எந்தச் சீட்டை எடுத்தாலும் வந்துச்சு. இது நம்ம கையில்லன்னு தோணுச்சு. கொஞ்ச நாள் விட்டுடுறேன்."

"கொஞ்ச நாள்னா?"

"ஒரு மூணு மாசம்."

"மூணு மாசம் கழிச்சு?"

"அப்ப பாத்துக்கலாம்."

"இதென்ன பத்தியமா, மூணு மாசம் இருந்துட்டு அப்புறம் கருவாடு திங்கிறதுக்கு? விட்டா விட்டதுதான்."

பேரம் ஆரம்பித்தது. அவர் மூன்று மாசத்திலிருந்து ஆறு மாசத்துக்கு ஏறினார். அவள் ஜென்மத்திலிருந்து இறங்க மறுத்தாள். கடைசியில், தலையைத் துவட்டிக்கொண்டு மாலதி வரும் சத்தம் கேட்டதும், கமலக்கண்ணன் சட்டென்று சாமி விளக்கின் மேல் கையை வைத்துவிட்டார்.

"சரி. இனிமே தொட மாட்டேன். போதுமா?"

கனகா அழுதுவிட்டாள். இந்த வார்த்தைக்காக அவள் ஏறாத கோயில் படி இல்லை. பையை மறுபடி டிரம்முக்குள் வைக்கும்போதுதான், ஒரு நோட்டுக்கட்டிலிருந்து ஏதோ உருண்டு கீழே விழுந்தது. சுண்டுவிரல் நுனியளவு விரலி மஞ்சள். அந்தக் கட்டு ரப்பர் பேண்டில் இல்லை. சுங்குடியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்களே, அந்த நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. அரக்குச் சிவப்பில் சாயமேறி, முடிச்சு விழுந்த இடங்களில் மட்டும் வெள்ளைப் புள்ளி. அப்படி ஐந்து கட்டு. ஐந்திலும் ஒரு மஞ்சள் துண்டு.

"யாரோ மங்களமா கட்டிவச்ச காசுபோல" என்று நினைத்தாள். பாவமாக இருந்தது. மஞ்சள் துண்டை விளக்கடியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அன்று அவள் சின்னாளப்பட்டி போகவேண்டியிருந்தது. முகூர்த்தப் பட்டு பெண் வீட்டார் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும், பணத்தை வந்து வாங்கிப் போங்கள் என்று சம்பந்தியம்மா சுப்புத்தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பதினோரு வருஷத்துப் பாரம் இறங்கின தெம்பில் அவள் கண்டக்டரிடம்கூடச் சிரித்துப் பேசினாள்.

சுப்புத்தாய் கள்ளம் கபடம் தெரியாதவள். வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"வாங்க மதினி, வாங்க! இப்பதான் நெனச்சேன். வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல மோர் குடிங்க. எங்க சந்தோஷு பத்திரிகை வைக்க ஒட்டன்சத்திரம் போயிருக்கான்."

முற்றத்தில் சாயம் முக்கிய சேலைகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து காய்ந்த சேலையை இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்து நூல் கழன்றது. தரையெல்லாம் சிவப்பு நூல்.

"இதைக் கூட்டித் தள்ள விட மாட்டேன் மதினி" என்று சுப்புத்தாய் சிரித்தாள். "கட்ட, முடிய எல்லாத்துக்கும் இந்த நூலுதான். கடையில நூல் வாங்கினா எங்க வீட்டுக்கு வெட்கக்கேடு."

உள்ளே போய் ஒரு சின்னப் பணக்கட்டைக் கொண்டுவந்து கனகாவின் மடியில் வைத்தாள். சிவப்பு நூல். வெள்ளைப் புள்ளி. நடுவில் ஒரு மஞ்சள் துண்டு.

கனகா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது… இந்த மஞ்சள் எதுக்கு மதினி?"

"கல்யாணக் காசுல்ல? சும்மா கட்டக் கூடாது. அம்புட்டுக் காசையும் நானே உக்காந்து மஞ்சத் துண்டு வச்சுக் கட்டினேன். பந்தல், சாப்பாடு, மேளம்னு தனித்தனியா. ஊருக்குள்ள இந்தக் கிறுக்கு எனக்கு மட்டுந்தான்னு அவுக கேலி பண்ணுவாக."

"எல்லாம் வீட்டுலயேவா வச்சிருக்கீக?"

"இந்தப் பட்டுக் காசு போக மிச்சத்தைப் போன வாரமே அவுக எடுத்துட்டுப் போயிட்டாக. வீட்டுல இருந்தா பயம், பேங்குல போட்டுடுறேன்னாக. எனக்கென்ன தெரியும்? அவுக பாத்துக்கிடுவாக."

கனகா தலையை மட்டும் ஆட்டினாள். சீட்டுக்கட்டு நுழைகிற வீட்டில் சம்பந்தம் வைக்கமாட்டேன் என்று சபையில் முழங்கிய மனுஷன்! அவருடைய பணம் இப்போது இவள் வீட்டு அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது. அதுவும் மாலதியின் கல்யாணப் பணம்.

சுப்புத்தாய் பூஜை அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தையும் எடுத்து வந்தாள். மஞ்சள் துணி, அதே சிவப்பு நூல். பிரித்தால் உள்ளே ஒரு பவுன் காசு, குங்குமமும் மஞ்சள் துண்டுமாக.

"மாலதிக்குத் தாலி உருக்கிற பொன் இது. புதன்கிழமை ஆசாரி வாராரு. எங்க கல்யாணத்துல ஜோடியா ரெண்டு காசு வந்துச்சு. ஒண்ணு என் கழுத்துல இருக்கு. இன்னொண்ணை இருபத்தாறு வருஷம் தொடாம வச்சிருந்தேன். கையில வாங்கிப் பாருங்க."

கனகா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றதைச் சந்தோஷம் என்று சுப்புத்தாய் எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வேலுசாமி உள்ளே வந்தார். வழக்கமான வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஆனால் இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம் காய்ந்துபோய்க் கிடந்தது.

"வாங்கம்மா. தம்பி நல்லா இருக்காரா?"

"இருக்காகண்ணே."

"அந்தப் பழக்கத்தை… விட்டுட்டாருல்ல?"

இதைக் கேட்கும்போது அவர் கண் தரையில் இருந்தது. கனகாவுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் அடிபட்ட இடம் ஒன்றேதான் என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அவள் வீட்டில் பார்த்த அதே முகம்.

"இன்னைக்குக் காலையில விளக்கைத் தொட்டு… இல்ல, எப்பவோ விட்டுட்டாகண்ணே."

அவள் தடுமாறியதை அவர் கவனிக்கவில்லை. "செத்த நேரம் இருங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்று சுப்புத்தாய் மல்லுக்கட்டியும் கனகா நிற்காமல் கிளம்பினாள். அவள் வாசலில் செருப்பை மாட்டும்போது, "பூஜை அலமாரிச் சாவி எங்க?" என்று வேலுசாமி மனைவியிடம் கேட்பது காதில் விழுந்தது. விழுந்தது, மனதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. கமலக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"அம்மா, அப்பாதான் கறி எடுத்துட்டு வந்தாரு! இன்னைக்கு வெஞ்சனம் அவரு கைப்பக்குவமாம்" என்றாள் மாலதி. ஞாயிற்றுக்கிழமையில் அப்பாவை வீட்டில் பார்த்துப் பழக்கமில்லாத பெண். சின்னப்பிள்ளையாட்டம் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கனகா மகளை ஊறுகாய் வாங்கிவரக் கடைக்கு அனுப்பினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

கமலக்கண்ணனின் கையிலிருந்து வெங்காயம் உருண்டு ஓடியது.

"வேலுசாமியா? அவரு கிளப்புப் பக்கமே வந்ததில்லையே?"

"நேத்து உங்ககிட்ட தோத்தது யாரு?"

"செம்பட்டின்னு ஒருத்தன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அங்க யாரையும் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆளுக்கு ஒரு ஊர்ப் பேரு வச்சிருவாங்க. என்னைத் தொப்பம்பட்டின்னுதான் கூப்பிடுவாங்க, நான் அந்த ஊரு மண்ணை மிதிச்சதே இல்ல. செம்பட்டி கூலிக்கு ஆடுறவன். பெரிய மனுசங்க சில பேரு நேர்ல வராம, காசு குடுத்து ஆள் அனுப்பி ஆடுவாங்க. யாரு அனுப்புனதுன்னு கேக்கக் கூடாது."

"அப்ப அவனை அனுப்புனது அவருதான். ஆனா உங்களை அவருக்குத் தெரியாது."

"தெரியாது. தொப்பம்பட்டிகிட்ட தோத்துட்டோம்னு மட்டுந்தான் தெரியும்."

இருவரும் அரிசி டிரம்மைப் பார்த்தார்கள்.

"கொண்டுபோய்க் குடுத்துருவோங்க" என்றாள் கனகா.

"என்னன்னு சொல்லிக் குடுக்கிறது? நீங்களும் ஆடுறீங்க, நானும் ஆடுறேன், நான் சபையில சொன்னது பொய், நீங்க சொன்னதும் பொய்னா? அவரு மானஸ்தன் கனகா. அந்த முகத்தை வச்சுக்கிட்டு நம்ம வாசல்ல எப்படி நிப்பாரு? அன்னைக்கே கல்யாணம் நின்னுரும்."

"கிளப்புல உள்ளவுக மூலமா குடுத்தா?"

"ஜெயிச்ச காசைத் திருப்பிக் குடுத்தா ஏன்னு தோண்டுவாங்க. ரெண்டு பேரு பேரும் சந்தி சிரிச்சுரும்."

கனகா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். இன்றைக்கும் செம்பட்டி வருவான். தோற்றவன் சும்மா இருக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியாதா? இருக்கிற மிச்சத்தையும் சுரண்டிக்கொண்டு வருவான். இவர் போகாவிட்டால் வேறு எவனிடமோ அதையும் தோற்பான். சம்பந்தி கைக்குப் பணம் போய்ச்சேர ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைத் தன் வாயாலேயே சொல்லவேண்டி வந்ததே என்று அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"போங்க" என்றாள்.

"எங்க?"

"கிளப்புக்கு. போய் அவன்கிட்ட தோத்துட்டு வாங்க. அம்புட்டையும் தோத்துட்டு வெறுங்கையோட வாங்க."

கமலக்கண்ணன் அதிர்ந்துபோய் எழுந்தார். "காலையில என்னை விளக்குல கை வைக்க வச்சவளே நீதான்!"

"அந்தப் பாவம் எனக்கு வரட்டும்."

"கனகா, என்னை அனுப்பாத. சீட்டு கையில வந்துட்டா நான் வேற ஆளு. நல்ல சீட்டைக் கவுத்துப் போட என்னால ஆகுமான்னு எனக்கே தெரியாது."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன உண்மைகளிலேயே பெரிய உண்மை அதுதான். அதைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் கண்ணுக்குள் சுப்புத்தாயின் வெள்ளைச் சிரிப்பு நின்றது. மஞ்சள் துண்டு வைத்து வைத்துக் கட்டிய அந்த விரல்கள் நின்றன.

"மாலதியை நெனச்சுக்கிட்டு ஆடுங்க" என்று சொல்லிப் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

ஊறுகாயோடு வந்த மாலதி, சட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கும் அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா எங்கம்மா போறாரு?"

"ஒரு வேலையா."

"அங்கதானே?"

கனகா கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள். மாலதி ஊறுகாய்ப் பொட்டலத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, பாதி உரித்துக் கிடந்த வெங்காயத்தைத் தானே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. கறி கொதித்தது, இறங்கியது. யாரும் சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஆரம்பித்து, தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கே கூடி, பாட்டும் சண்டையுமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. விளக்கேற்றப் போன கனகா காலையில் அவர் கை வைத்த அந்த இடத்தைத் தொடக் கூசினாள்.

வாசலுக்கு வந்து பார்த்தபோது தெருமுனையில் அவர் நடை தெரிந்தது. கையில் பை இருந்தது. பை தொங்கிய விதத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலிப் பை அப்படித் தொங்காது.

அவளையும் சமையலறைக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"தோத்துட்டேன் கனகா. சத்தியமா தோத்தேன்."

"அப்ப இது என்ன?"

"நாலு மணிக்கெல்லாம் அம்புட்டும் அவன் பக்கம் போயிருச்சு. மூணு ராணி வந்துச்சு, கவுத்துப் போட்டேன். யாராச்சும் போடுவானா? நான் போட்டேன். பையில அம்பது ரூபாதான் மிச்சம்."

"அப்பவே எந்திரிச்சு வந்திருக்கலாமே!"

"எந்திரிச்சேன். செருப்பைக்கூட மாட்டிட்டேன்." அவர் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "எல்லாரும் சிரிச்சாங்க. நேத்து ஜெயிச்சது குருட்டு யோகம், தொப்பம்பட்டிக்குச் சீட்டுப் பிடிக்கவே தெரியலன்னாங்க. நான் வேணும்னுதானே தோத்தேன்? அது அவங்களுக்குத் தெரியாதுல்ல? ஒரே ஒரு கை மட்டும் ஆடிக் காட்டிட்டு வந்துடலாம்னு உக்காந்தேன்…"

கனகா அவர் கையிலிருந்து பையை வாங்கித் தரையில் வைத்தாள்.

"அந்த அம்பது ரூபாயில ஆரம்பிச்சேன். நிக்கவே இல்ல கனகா. அவனாலயும் எந்திரிக்க முடியல. அம்புட்டையும் தள்ளிட்டான். கடைசியில ஒரு பொட்டலத்தை எடுத்துப் பலகை மேல வச்சான். பவுன்னு சொன்னான். நான் பிரிச்சுக்கூடப் பாக்கல…"

சொல்லிக்கொண்டே போனவரின் கண்களை அவள் பார்த்தாள். அழுகிற கண்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு பளபளப்பு இருந்தது. அது ஜெயித்தவனின் பளபளப்பு. காலையில் பயந்து நடுங்கிய மனுஷன் இவர் இல்லை. அவரைத் தானே கைப்பிடித்துக் கொண்டுபோய் அங்கே தொலைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது அவளுக்கு.

பைக்குள் கையை விட்டாள். நோட்டுகளுக்கு மேலே கிடந்தது அந்தப் பொட்டலம். மஞ்சள் துணி. சிவப்பு நூல்.

பிரிக்கவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பிரித்தாள். குங்குமம் ஒட்டிய ஒரு பவுன் காசு அவள் உள்ளங்கையில் விழுந்தது. பெற்ற மகளின் தாலியை அப்பன் சீட்டாடி ஜெயித்துக்கொண்டு வந்திருக்கிறான். புதன்கிழமை எதை உருக்குவார்கள்?

"என்னது கனகா? ஏன் அப்படிப் பாக்குற?"

அவள் வாயைத் திறப்பதற்குள், முன்கூடத்திலிருந்து மாலதியின் குரல் வந்தது.

"அம்மா! சின்னாளப்பட்டி மாமா வந்திருக்காரு. தனியா வந்திருக்காரு. ஏதோ அவசரமா ஒரு உதவி கேக்கணுமாம்."

கமலக்கண்ணன் பையை உரலுக்குப் பின்னால் தள்ளினார். காசை வைக்க கனகாவுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்தாள். தூசி படிந்த வெள்ளைச் சட்டையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், வேலுசாமி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றிருந்தார்.

"வாங்கண்ணே" என்று கைகூப்பினாள் கனகா. கூப்பிய இரண்டு கைகளுக்கு நடுவில் மகளின் தாலிப் பொன் இருந்தது.